சென்னியப்பன் எழுதுகிறேன்

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, ஒரு கால் ஆடும். இந்தப்பக்கம் இருக்கறதுல உக்காருங்க. காபி சொல்லட்டுங்களா, டீயா? இன்டர்வியூன்னு பயந்துக்காதீங்க, நான் கேள்வியெல்லாம் கேக்கறதில்ல. நான் பேசறேன், நீங்க கேட்டுக்குங்க. உங்க வேலையே அதுதானுங்களே.

உங்க முகத்தப் பாத்தாலே தெரியுதுங்க தம்பி. அறுபது வயசு ஆளு, முப்பது வருசமா கிரைண்டர் கம்பெனி நடத்தறாரு, கம்பெனி வெப்சைட்ல வாரம் ஒரு தடவ ஒரு பக்கம் எழுதறதுக்கு ஆளுத் தேடறாரே, அதும் தம்பேர்லயே எழுதச் சொல்றாரே, சொந்தமா நாலு வரி எழுத வராதான்னு நெனைக்கறீங்க. நெனைக்கலீங்களா? நெனைங்க, தப்பில்ல. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனச்சேன்.

கேட்டா எல்லா மொதலாளியும் நேரமில்லம்பாங்க. அத நம்பாதீங்க. சாயங்காலம் கிளப்புல மூணு மணி நேரம் சீட்டாடறதுக்கு நேரம் இருக்குது. நெசம் என்னன்னா, நாங்க எழுத உக்காந்தா கொட்டேஷன் மாதிரித்தான் வரும். 'தங்களது மேலான ஆதரவை என்றும் நாடும்'னு ஆரம்பிச்சு 'வரி தனி'ன்னு முடிச்சிருவோம். ஒரு தடவ என்ற மச்சான் கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதினேனுங்க. கடைசில பழக்க தோசத்துல 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள'ன்னு போட்டுக் கம்பெனி சீலும் குத்திட்டேன். இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டுப்பக்கம் போனா சிரிக்கறாங்க.

இப்ப யாருங்க கடைக்கு வந்து கிரைண்டரத் தட்டிப் பாத்து வாங்கறாங்க? பெங்களூருல பிளாட்ல இருக்கற பொண்ணு போன்ல தேடுது. அதுக்கு மோட்டார் எத்தன வாட்டுன்னு சொன்னாப் பத்தல. இத யாரு செய்யறாங்க, அவிங்க நல்ல ஆளுங்களா, அவிங்க வீட்டுல இட்லி நல்லா வருமான்னெல்லாம் தெரியணுமாம். சரி, நியாயந்தான். எங்கிட்ட நேருல பேசினா எல்லாருக்கும் என்னப் புடிச்சுப் போகுமுங்க. காகிதத்துலதான் புடிக்காது.

எங்க தொழில் சங்கத்துல அஞ்சாறு பேரு பிளாக் வெச்சிருக்காங்க. யாரு எழுதறாங்கன்னு யாரும் யாரையும் கேக்க மாட்டோம். பம்பு செட்டு போடற கோபால்சாமி இருக்காரே, அவரு பிளாக்ல 'என் தந்தை வெறுங்காலோடு நடந்து வந்து இந்தத் தொழிலைத் தொடங்கினார்'னு போட்டிருந்துச்சு. அவங்கப்பா எங்க தெருவுலயே மொதல் மொதல்ல அம்பாசிடர் வாங்கின ஆளுங்க தம்பி. கூட்டத்துல எல்லாரும் அவரு கையப் புடிச்சு 'கண்ணு கலங்கிருச்சுங்க'ன்னு சொன்னோம். அவரும் 'எழுதறப்ப எனக்கும் கலங்கிருச்சு'ன்னாரு. அன்னிக்குத்தான் நானும் ஒரு ஆள வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணினேன். போன வருசம் ஜூன் மாசம்.

அப்படி வந்த அம்மணிதான் இந்துமதி. பாரதியார் யுனிவர்சிட்டில தமிழ் படிச்ச புள்ள. பிளாக்குக்கு 'சென்னியப்பன் எழுதுகிறேன்'னு பேர் வெச்சதே அதுதான். எழுதி வாட்சப்ல அனுப்பும், நான் கட்டைவெரலத் தூக்கிக் காட்டற பொம்மையப் போட்டு விடுவேன், அது ஏத்திரும். படிச்சுப் பாத்தனான்னு கேக்கறீங்களா? மொத ரெண்டு படிச்சேன். அப்பறம் நம்பிக்கை வந்துருச்சு. என்னப்பத்தி நல்லாத்தான எழுதப் போகுது.

கெட்டிக்கார அம்மணி. வந்த ரெண்டாம் வாரமே ஒரு கேள்வி கேட்டுச்சு. சார், உங்க மொத மெசினச் சோதிச்சுப் பாத்தது யாருன்னுச்சு. வீட்டுல சுலோச்சனாதான் பாத்தாங்கன்னேன். சுலோச்சனாங்கறது என்ற சம்சாரமுங்க. ரெண்டாவது மெசின? அதும் அவதான். மூணாவது? எல்லாமே அவதான் அம்மணின்னேன். அப்படின்னா அம்மாவப் பாக்கணும்னுச்சு. பொதங்கிழமை நான் கல்லுக் கொத்தற பட்டறைக்குப் போயிருவேன், நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டு வான்னேன். அதுக்கப்பறம் பொதனானாப் போயிரும். ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் அடுப்படியிலயே உக்காந்துக்கும். சுலோச்சனா டிபன் குடுத்து அனுப்புவா. ரெண்டு பொம்பளைங்க என்ன பேசுவாங்க, ஏதோ பேசிக்கிட்டிருந்தாங்க.

அந்தச் சோதனை என்னன்னு உங்களுக்கு வெளங்கோணும். ஒரு புது மாடல் போட்டா, அத அப்படியே விக்க முடியாதுங்க. ஆட்டிப் பாக்கணும். நான் மோட்டாரு சத்தத்தக் கேட்டுச் சரின்னுருவேன். சுலோச்சனா ஒத்துக்க மாட்டா. உளுந்த ஊறப் போட்டு, ஆட்டி, ஒரு துளி மாவ எடுத்துத் தண்ணி டம்ளர்ல விடுவா. மெதந்தாச் சரி. முழுகினா மெசின் திரும்பிப் பட்டறைக்கு. தொண்ணூத்தி எட்டுல ஒரு மாடல் போட்டோம், படுவேகம், பதினஞ்சு நிமிசத்துல ஆட்டி முடிக்கும். எல்லாரும் பாராட்டினாங்க. இவ மாவுக்குள்ள வெரல விட்டுப் பாத்துட்டு, மாவு சுடுதுங்க, இட்லி கல்லாட்டம் வரும், வேகத்தக் கொறைங்கன்னா. கொறைச்சோம். அந்த மாடல்தான் தம்பி எங்களத் தூக்கி விட்டுச்சு. இந்த ஆபீசு, இந்த ஏசி, எல்லாம் அதுதான்.

ஒரு நாளைக்கு மூணு ஈடு. முப்பது வருசம். நாங்க எவ்வளவுதான் திம்போம்? மாவெல்லாம் தெருவுக்குப் போகும். எங்க தெருவுல ஒருத்தரும் கிரைண்டர் வாங்கினதில்லீங்க, அதுதான் எனக்கு ஒரே வருத்தம். நான் வித்த ஊருலயே ஒரு தெருவு மட்டும் எங்கிட்ட வாங்கல.

சரி, விசயத்துக்கு வர்றேன். உங்க வேலை சம்பந்தப்பட்டது, அதனால சொல்றேன். இல்லாட்டி வீட்டு விசயத்த எதுக்கு உங்ககிட்ட.

போன வருசம் ஜனவரியில எங்க சங்கத்து ஆண்டு விழா. சிறந்த தொழில் முனைவோர்னு எனக்கு ஒரு விருது. ஏற்புரை நானா எழுதறது? சங்கத்து ஆபீசுலயே ஒரு மேனேஜரு எல்லாருக்கும் எழுதித் தருவாரு. ஒரே உரைதான், பேரையும் தொழிலையும் மட்டும் மாத்துவாரு. வாங்கிப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். சுலோச்சனா அரக்குக் கலர் பட்டுக் கட்டிக்கிட்டு மொத வரிசையில உக்காந்திருந்தா. நான் மேடையில நின்னு ஒரு எழுத்துத் தப்பாமப் படிச்சேன். சங்கத் தலைவருக்கு நன்றி. பேங்கு மேனேஜருக்கு நன்றி. கல்லுக் கொத்தறவங்களுக்கு, டீலருங்களுக்கு, கரண்டு ஆபீசுக்கு, லாரி சர்வீசுக்கு. கை தட்டினாங்க. எறங்கி வந்துட்டேன்.

கார்ல வர்றப்ப அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "லாரிக்காரருக்குக்கூட நன்றி சொன்னீங்க." அவ்வளவுதான். நானும் ஆமா, நல்ல மனுசன், ஒரு கல்லுகூட ஒடையாமக் கொண்டு போறாருன்னேன்.

மறுநாள் காலையில இருந்து 'ஏனுங்க' நின்னு போச்சு.

நீங்க எந்த ஊருங்க தம்பி? திருச்சியா. அப்பச் சொன்னாத்தான் புரியும். எங்க பக்கம் சம்சாரம் புருசன 'ஏனுங்க'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஏனுங்க, காபி ஆறுது. ஏனுங்க, கரண்டு பில்லு கட்டியாச்சா. ஒரு நாளைக்கு நூறு ஏனுங்க கேட்ட காது இது. திடீர்னு ஒண்ணுமே இல்ல. சண்டையில்ல, அழுகையில்ல, சமையல்ல ஒரு கொறையில்ல. 'சாப்பாடு எடுத்து வெச்சாச்சு'ன்னு செவுத்தப் பாத்துச் சொல்லுவா. பூனாவுல இருக்கற மகளுக்குப் போன் பண்ணி, அப்பாவ மாத்தர போடச் சொல்லுன்னு சொல்லுவா. மக பூனாவுல இருந்து எனக்குப் போன் போட்டு, அப்பா, மாத்தர டிவிக்குப் பக்கத்துல இருக்குதாம்பா. அம்மா எங்க இருக்கறான்னு கேட்டா, உங்களுக்குப் பின்னாடி ரூம்லம்பா.

ஆரம்பத்துல எனக்குக் கோவந்தானுங்க. ஒரு பேரு விட்டுப் போச்சு, அதுக்கு இத்தனையா? எழுதினது நானா? மேனேஜரு எழுதினாரு, அவருகிட்டப் போயிக் கோவிச்சுக்கட்டும். இத நான் வாய்விட்டும் ஒரு நாள் சொல்லிட்டேன். அதுக்கப்பறம் செவுத்துகிட்டப் பேசறதும் கொறைஞ்சு போச்சு.

அப்ப வந்து சேந்த அம்மணிதான் இந்துமதி. ஆகஸ்டுல ஒண்ணு எழுதுச்சு. 'எங்கள் முதல் சோதனைச்சாலை ஒரு சமையலறை'ன்னு தலைப்பு. நான் வழக்கம்போலக் கட்டைவெரலப் போட்டேன். ரெண்டு நாள்ல போன் மேல போன். மதுரையில இருந்து ஒரு அம்மா அழுதுக்கிட்டே பேசினாங்க, உங்கள மாதிரி ஒரு புருசன் யாருக்கு வாய்க்கும்னு. என்ன ஏதுன்னு அப்பறந்தான் தெறந்து படிச்சேன். அசந்து போயிட்டனுங்க. டம்ளர் தண்ணி, மாவு மெதக்கறது, தொண்ணூத்தி எட்டு மாடலு, எல்லாம் இருக்குது. ஒரு எடத்துல, 'தினமும் ஈர மாவிலேயே இருந்து அவள் விரல் இடுக்குகள் வெந்து போயிருந்தன, இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு எனக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்'னு எழுதியிருந்துச்சு. எனக்குத் தெரியாமத் திருப்பிக்கிட்டது எனக்கே தெரியாது, அந்த அம்மணிக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பாத்தேன். என்ன ஒரு கற்பனை. தமிழ் படிச்சவங்க படிச்சவங்கதான்.

சாப்பிடறப்ப அத போன்ல தெறந்து சுலோச்சனா முன்னாடி வெச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சா. அந்தப் பொண்ணு நல்லா எழுதியிருக்குதுன்னு செவுத்தப் பாத்துச் சொன்னா. நான் விடுவனா. நான் சொல்லச் சொல்ல அது டைப்படிச்சுதுன்னேன்.

அப்பத்தான் என்னத் திரும்பிப் பாத்தா. எட்டு மாசத்துல மொத தடவ மூஞ்சிக்கு நேரா ஒரு கேள்வி.

"வெரலு வெந்ததையும் நீங்கதான் சொன்னீங்களா?"

"பின்ன? எனக்குத் தெரியாதா?"

கண்ணாடியக் கழட்டி மடிச்சு வெச்சா. அப்பறம் தட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. நான் நெனச்சேன், ஆஹா, மனசு எளகிருச்சு, பேச்சு வரலன்னு. இந்துமதியக் கூப்பிட்டு, அம்மணி, இதே மாதிரி இன்னும் நாலஞ்சு போடுன்னேன். போட்டுச்சு. ஒவ்வொண்ணும் முத்து. ஊருல எல்லாப் பொம்பளைங்களுக்கும் என்னப் புடிச்சுப் போச்சுங்க தம்பி. தீபாவளிக்கு ஆர்டரு தாங்கல. எங்க வீட்டுல மட்டும் முன்னாடி அந்தப் பூனாப் போனாவது இருந்துச்சு, அதும் நின்னு போச்சு. மாத்தரயே மறந்து நாலு நாள் போடாம விட்டுட்டேன், ஒருத்தரும் கேக்கல. அன்னிக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துச்சு. இந்த வீட்டுல நான் செத்துக் கெடந்தாலும் 'எடுத்துட்டுப் போயிருங்க'ன்னு செவுத்துகிட்டத்தான் சொல்லுவா போலிருக்குதேன்னு.

அதுக்கும் வழி எழுத்துதானன்னு இந்துமதியக் கூப்பிட்டேன். இந்த ஜனவரியில. அம்மணி, மன்னிப்புக் கேக்கற மாதிரி ஒண்ணு எழுது, விழாவுல பேரு விட்டுப் போனதுக்கு, படிச்சா அழுகை வரணும், நீதான் நல்லா எழுதுவயேன்னேன்.

"இது எனக்கு வராதுங்க சார்."

"இத்தன எழுதினவளுக்கு இது வராதா?"

"அதெல்லாம் அம்மா சொன்னது சார். இத அம்மா சொல்ல முடியாதில்லீங்களா. நீங்கதான் சொல்லணும்."

அம்மா சொன்னதாம். அம்மா என்ன சொல்லியிருப்பா, உளுந்து எத்தன மணி நேரம் ஊறணும்னு சொல்லியிருப்பா. நான் விடாம, சம்பளம் ஏத்தித் தர்றேன்னேன். சிரிச்சுச்சு. அடுத்த வாரமே சென்னையில ஏதோ பத்திரிகையில வேலை கெடச்சிருச்சுன்னு ஒரு டப்பா மைசூர்பாகோட வந்து சொல்லிட்டுப் போயிருச்சு. நல்ல புள்ள. எழுத்துத் திறமை இருந்துச்சு, சொன்னதச் செய்யற குணந்தான் கொஞ்சம் கம்மி. உங்ககிட்ட அது இருக்கோணும் தம்பி, அதுக்குத்தான் இத்தனையும் சொல்றேன்.

ரெண்டு மாசம் பிளாக்கு காலி. ஆளுத் தேடி வெளம்பரம் குடுத்தேன், நீங்க பதில் போட்டீங்க. அதுக்குள்ள போன ஞாயித்துக்கெழம என்னமோ தோணுச்சு, நானே எழுதிப் பாத்தா என்னன்னு. பட்டறையில யாரும் இல்ல. நம்ம கம்பெனி லெட்டர் பேடத்தான் எடுத்தேன், வேற காகிதமில்ல. மத்தியானம் முழுக்க உக்காந்தேன். எட்டுத் தாளக் கிழிச்சேன். கடைசில வந்தது ஒம்போது வரி. அந்தத் தாள் இப்ப எங்கிட்ட இல்ல, ஆனா மனப்பாடம். சொல்றேன், சிரிக்கப்படாது.

'அன்புடையீர். சென்ற ஆண்டு ஜனவரி மாதம் நடந்த விழாவில் தங்கள் பெயர் விடுபட்டது. காரணம் மறதி. வேறு காரணம் இல்லை. முப்பது வருடங்களாக ஒரு மெசின்கூடத் தாங்கள் பார்க்காமல் வெளியே போகவில்லை. தாங்கள் வேகத்தைக் குறைக்கச் சொல்லியிராவிட்டால் இந்தக் கம்பெனி இல்லை. விரல் வெந்தது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னது பொய். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.'

பாத்தீங்களா, நான் சொன்னேனில்ல. கொட்டேஷன். கீழ 'வரி தனி' ஒண்ணுதான் பாக்கி.

இதப் போயி வெப்சைட்ல போடறதா? மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டேன், புது ஆளு வந்தா இத வெச்சு நல்லா எழுதச் சொல்லிக்கலாம்னு. திங்கக்கெழம காலையில குளிச்சுட்டு வர்றேன், சட்டையத் தொவைக்க எடுத்திருக்கறா, தாள் சாப்பாட்டு மேசையில விரிச்சுக் கெடக்குது. சுலோச்சனா அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கறா. நான் ஈரத் துண்டோட கதவோரமா நின்னுட்டனுங்க தம்பி. இத்தன நல்ல எழுத்தப் படிச்சவ, என்னோட இந்தக் கந்தலப் படிச்சா என்ன நெனைப்பா.

தலையத் தூக்கினா. "ஏனுங்க, இத யாரு எழுதினது?"

கேட்டீங்களா? ஏனுங்க. பதினாலு மாசம் கழிச்சு. செவுத்தப் பாத்து இல்ல, என்னப் பாத்து. அந்த நேரத்துல, இத நான்தான் எழுதினேன்னு சொல்லி, இவ்வளவுதான் உங்களுக்கு வருமான்னு அவ கேட்டுட்டா? வந்தது திரும்பப் போயிருமே. வாயில வந்துருச்சுங்க, "வேலைக்குப் புதுசா ஒரு தம்பி வர்றாரு, மாதிரிக்கு எழுதிக் குடுத்தாரு"ன்னு.

ஆமாங்க, உங்களத்தான் சொன்னேன். வேற யாரச் சொல்றது?

எழுத்தப் பாத்துக் கண்டுபுடிச்சிருவாளோன்னு ஒரு பயம் இருந்துச்சு. கோழி கிண்டின மாதிரி என்ற எழுத்து, முப்பத்தாறு வருசமா மளிகை லிஸ்ட்டு பாக்கறவ. நல்ல வேளை, கவனிக்கல. மேல கம்பெனி பேர் அச்சடிச்சிருந்துச்சு, அதையும் கவனிக்கல. நல்லா இருக்குதுங்க, அந்தத் தம்பியவே வெச்சுக்குங்கன்னா. நான், கொஞ்சம் திருத்தணும், மொட்டையா இருக்குது பாருன்னேன். ஒரு எழுத்துத் தொடப்படாதுன்னா. வெப்சைட்லயும் போடப்படாதாம். தாள நாலா மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயி அவ பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. அவளுக்கு எழுத்தப்பத்தி என்ன தெரியுமுங்க.

அதனால வேலை உங்களுக்குத்தான் தம்பி. இந்துமதி மாதிரி எழுத வேண்டாம், அந்த ஒம்போது வரி மாதிரி எழுதுங்க. கஷ்டந்தான். பழகிக்குவீங்க.

ஒரு நிமிசம் இருங்க, முக்கியமானத விட்டுட்டேன். காபிய என் கையில குடுத்துட்டு அவ சொன்னா, அந்தத் தம்பி வந்தா அவருகிட்ட ஒண்ணு சொல்லிருங்கன்னா. என்னன்னு கேட்டேன்.

"அன்னிக்குக் கார்லயே இதச் சொல்லியிருந்தாப் பதினாலு மாசம் மிச்சமாயிருக்கும்னு சொல்லுங்க. பரவால்ல, வந்து சேந்துருச்சுன்னும் சொல்லிருங்க."

எழுதினவருக்குத் தெரியோணுமாம், மறக்காமச் சொல்லச் சொன்னா. அதுதான் சொல்றேன் தம்பி. வந்து சேந்துருச்சாமுங்க.